அரும்பு நிலையிலேயே நின்றுவிடும் குழந்தை யாருடைய பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளிக் குழந்தைகளின் வாசிப்புத் திறனைப் பற்றி ஓர் அறிக்கை வெளியானால் அந்த வாரம் முழுவதும் விழுக்காடுகளைப் பற்றியே பேசுகிறோம். அடுத்த வாரம் மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் குழந்தைகளுள் 4.8 விழுக்காட்டினரால் மட்டுமே இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியைப் படிக்க முடிந்தது என்று 2023 ஜனவரியில் ‘பிரதம்’ தொண்டு நிறுவனத்தின் கல்வி நிலை ஆய்வான அசர் அறிக்கை சொன்னபோதும், 2025 ஜனவரியில் வந்த அசர் அறிக்கை நிலைமை மேம்பட்டிருப்பதைக் காட்டியபோதும், பேச்சு யாரைக் குறை சொல்வது, யாரைப் பாராட்டுவது என்ற அளவிலேயே முடிந்துபோனது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். கற்பித்தல் குறித்துக் கடந்த இருபது ஆண்டுகளில் இந்தியாவிலும் குறிப்பாக நம் மாநிலத்திலும் நடந்த ஆய்வுகள் உறுதியான சில செய்திகளைச் சொல்லியிருக்கின்றன என்பதையும், அந்தச் செய்திகளின் பயன் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை என்பதையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பொருளியல் ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் வடோதராவிலும் மும்பையிலும் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் அறிந்திருப்பார்கள். பின்தங்கிய குழந்தைகளைச் சிறு குழுவாக அழைத்து, அதே பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் நாள்தோறும் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தையும் கணக்கையும் சொல்லிக்கொடுத்தபோது, மிகவும் பின்தங்கியிருந்தவர்களே அதிகம் முன்னேறினார்கள். வகுப்புக்கான பாடத்தை விட்டுக் குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு என்ற கருத்து இந்த நாட்டில் வலுப்பெற்றதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஆனால் அதைவிட முக்கியமானதாக நான் கருதுவது, அதே கருத்தை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றபோது கிடைத்த தோல்விகளை. பீகாரிலும் உத்தராகண்டிலும் ஆசிரியர்களுக்குப் புதிய கற்றல் பொருள்களைக் கொடுத்து, பயிற்சியும் அளித்து, வழக்கமான பள்ளி நாளுக்குள் பயன்படுத்தச் சொன்னார்கள். பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் கருத்தை ஏற்றுக்கொண்டார்கள்; ஆனால் வகுப்பறைக்குத் திரும்பியதும் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய கட்டாயம் முந்திக்கொண்டது; குழந்தைகளின் வாசிப்பில் மாற்றம் ஏற்படவில்லை. 2012-13ஆம் ஆண்டில் ஹரியானாவில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு அரசே நாளில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கியது. அந்த நேரத்தில் குழந்தைகள் வகுப்பு வாரியாக அமராமல் தங்கள் நிலை வாரியாக அமர்ந்தார்கள். மேலிருந்து வருபவர்கள் அந்த ஒரு மணி நேரம் நடக்கிறதா என்று பார்த்தார்கள். வாசிப்பு உயர்ந்தது. அதே ஹரியானாவில், குழந்தைகளைத் தொடர்ந்து மதிப்பிட்டுப் பதிவேடுகளை நிரப்பும் திட்டத்தையும் உடன் வைத்து ஆராய்ந்தார்கள். அதனால் கற்றலில் பயன் எதுவும் தெரியவில்லை. பதிவேட்டை நிரப்பியே பல மாலைகளைக் கழித்த என் போன்றவர்களுக்கு இது வியப்பாக இல்லை.

நம் மாநிலத்துக்கு வருகிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பரில்தான் திறந்தன. பொருளியல் ஆய்வாளர்களான அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த குழந்தைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் குழந்தைகள் கணக்கிலும் தமிழிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் இழப்பு இன்னும் கூடுதல். பள்ளிகள் திறந்த பின் சுமார் ஆறு மாதங்களில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது என்றும், ஈடுசெய்யப்பட்டதில் ஏறக்குறைய 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் விளைந்தது என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். ஏழைக் குழந்தைகளே அதிகம் இழந்தார்கள். மீட்பில் அவர்களே முன்னே வந்தார்கள். மாதம் ₹1,000 ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டு, மாலை நேரத்தில் கோயில் திண்ணையிலும் தம் வீட்டு வாசலிலும் குழந்தைகளை உட்கார வைத்துக் கற்பித்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், செய்த வேலை அது. அவர்களுக்கு இந்த மாநிலம் போதிய நன்றி சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் நடந்த மற்றோர் ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. கூடுதலாக அரை நேரப் பணியாளர் ஒருவரை நியமித்த மையங்களில் முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரு மடங்காகியது. குழந்தைகளின் மொழியும் கணக்கும் உயர்ந்தன. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுகூடக் குறைந்தது. முன்பே இருந்த பணியாளர் சோம்பேறி என்பதால் இந்த வேறுபாடு வரவில்லை. எடை பார்ப்பது, சத்துமாவு வழங்குவது, பதிவேடு எழுதுவது, சமையலைக் கவனிப்பது என்று ஒரே ஆள் பிரிந்து கிடந்தார். இன்னொருவர் வந்ததும் குழந்தைக்கு ஒரு முகம் முழுதாகக் கிடைத்தது.

இந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: நல்ல கையேடும் நல்ல பயிற்சியும் தேவை; ஆனால் வேறு எந்த வேலையாலும் பறிக்கப்படாத நேரமும் அந்த நேரத்துக்குப் பொறுப்பான ஓர் ஆளும் இல்லாவிட்டால் அவை அலமாரியிலேயே தங்கிவிடும்.

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் ஓரளவு கற்கப்பட்டிருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியின் முறையை ஒட்டி, ஏணிப்படிகளும் அட்டைகளும் கொண்டு ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏற வழி செய்தோம். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலைகளை வகுத்து, ஒரே வகுப்பில் மூவகைக் குழந்தைகளுக்கும் பயிற்சி நூல் கொடுத்தது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கியவர்களுக்கு அடிப்படைகளை மீண்டும் கற்பிக்க 2025இல் ‘திறன்’ திட்டம் வந்திருக்கிறது. குறைகள் உண்டு. மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றுவதற்காகக் குழந்தையை ஒரு பக்கம் விட்டுவிட்டு இணைய வேகத்துக்காகக் காத்திருக்கும் ஆசிரியர்களின் மனக்குறை நியாயமானது. ஹரியானா ஆய்வை அறிந்த அதிகாரிகள் அதைக் கேட்டுத் திருத்த வேண்டும். ஆனாலும் குழந்தை இருக்கும் நிலையிலிருந்து கற்பிப்பது என்ற கொள்கை நம் தொடக்கப் பள்ளிகளில் வேரூன்றியிருக்கிறது. பல மாநிலங்களால் இதைச் சொல்ல முடியாது.

அப்படியானால், எல்லாம் முறையாக நடந்த பிறகும் ஆண்டு இறுதியில் அரும்பு நிலையிலேயே நிற்கும் குழந்தை? என் பள்ளியிலும் அத்தகைய குழந்தைகள் இருந்தார்கள். எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் அவர்களுக்கு ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரே பெயர். அந்தப் பெயரைச் சூட்டியதும் அவர்களைப் பற்றி நாம் சிந்திப்பது நின்றுவிடுகிறது. அந்தக் குழுவில் காது சரியாகக் கேட்காத குழந்தை இருக்கலாம். கரும்பலகையின் மேல்வரி மங்கலாகத் தெரியும் குழந்தை இருக்கலாம். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை, அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தை, வாசிப்பில் மட்டும் தடுமாறிப் பிறவற்றில் கூர்மையாக இருக்கும் குழந்தை, வேலைக்காகப் பெற்றோர் செங்கல் சூளைக்குப் போன மாதங்களில் பள்ளிக்கே வராத குழந்தை என எல்லோரும் அங்கே ஒன்றாகக் கிடக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தேவை வேறு.

தமிழ் எழுத்தைக் கற்பதன் இயல்பையும் இங்கே கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், நம்மிடம் 247. உயிர்மெய் 216ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, குறியீடுகளின் ஒழுங்கு பிடிபட்டால் போதும் என்றாலும், அந்த ஒழுங்கு எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பிடிபடுவதில்லை. ‘கெ’ என்பதில் பின்னால் ஒலிக்கும் எகரத்தின் குறி முன்னால் நிற்கிறது. ‘கொ’ என்பதில் குறி இரண்டாகப் பிரிந்து மெய்யைச் சூழ்கிறது. ககரம் ‘கடல்’ என்பதில் ஒரு விதமாகவும் ‘பகல்’ என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. லகர ளகர ழகர வேறுபாடு பல ஊர்களின் பேச்சிலேயே இல்லை. பெங்களூரில் ஆய்வாளர் சோனாலி நாக் கன்னட எழுத்தறிவு பற்றிச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்துமுறையைக் குழந்தைகள் முழுதாகக் கைக்கொள்ள நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டியது. தமிழும் அதே குடும்பத்து எழுத்துமுறை. ஆகவே இரண்டாம் வகுப்பில் உயிர்மெய் வரிசை முடியாத குழந்தையைக் கண்டு பதறவும் கூடாது. நான்காம் வகுப்பிலும் முடியாத குழந்தையைக் கண்டு பழகிப்போகவும் கூடாது. எது இயல்பான தாமதம், எது உதவி தேவைப்படும் தடை என்று பிரித்தறியும் பயிற்சி தொடக்கநிலை ஆசிரியருக்கு ஏறக்குறையக் கொடுக்கப்படுவதே இல்லை.

இப்போதைய நடைமுறையில் குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதென்று முதலில் சான்றிதழ் வேண்டும். உதவி அதன் பின்னர்தான். சான்றிதழ் பெற மாவட்டத் தலைநகரத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு அது ஒரு நாள் சம்பளம். நகரத்துத் தனியார் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோர் இதை அறிந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளை முறையாகப் பெற்றுத் தருகிறார்கள். சிற்றூரில் அதே குறைபாட்டோடு இருக்கும் பிள்ளை பெயரளவுக்கு எட்டாம் வகுப்பு வரை வந்து, பிறகு ஒன்பதில் காணாமல் போகிறான். சலுகை கூடாதென்று நான் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தைவிட மூன்றாம் வகுப்பில் கிடைத்திருக்க வேண்டிய நாள்தோறுமான அரை மணி நேரம் அவனுக்கு அதிகம் பயன்பட்டிருக்கும் என்கிறேன்.

நிலைவாரிக் கற்பித்தலுக்கும், மாற்றுத்திறன் குழந்தைகளையும் பிறரோடு சேர்த்துக் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்விக்கும் உள்ள தொடர்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2004இல் திருத்தப்பட்ட மாற்றுத்திறனாளர் கல்விச் சட்டம், கற்றல் குறைபாட்டைக் கண்டறிய நுண்ணறிவுச் சோதனையையே நம்பியிருக்க வேண்டாம் என்றும், நல்ல கற்பித்தலைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்து அதற்குக் குழந்தை எப்படி ஈடுகொடுக்கிறது என்பதையும் ஆதாரமாகக் கொள்ளலாம் என்றும் வழி திறந்தது. அந்நாட்டு நடைமுறையின் சிக்கல்கள் நமக்கு வேண்டாம். ஆனால் அந்தக் கருத்துக்குத் தேவையான அடித்தளம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் எந்த நிலையில் இருக்கிறது என்ற பதிவு மாநிலம் முழுவதும் திரட்டப்படுகிறது. அரும்பு நிலையில் கூடுதல் கவனம் பெற்றும் இரண்டு பருவங்களாக நகராத குழந்தையின் பெயர் தானாகவே, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு உதவும் சிறப்புப் பயிற்றுநரின் பார்வைக்குப் போக வேண்டும். காதும் கண்ணும் முதலில் சோதிக்கப்பட வேண்டும். சான்றிதழ் பின்னால் வரட்டும், உதவி முன்னால் தொடங்கட்டும். இதற்குப் புதிய செயலி எதுவும் வேண்டாம். ஏற்கெனவே பதிவேற்றிய எண்ணை யாராவது படித்துப் பார்த்தால் போதும்.

அந்த ‘யாராவது’ யார் என்பதில்தான் சிக்கல். உள்ளடக்கிய கல்விக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் நம் மாநிலத்தில் வட்டார வள மையங்களைச் சார்ந்து, தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார்கள். பள்ளிக்கே வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்கும் அவர்களே போக வேண்டும்; மருத்துவ முகாம் நடத்துவதும் உதவி உபகரணங்களுக்குப் பட்டியல் எடுப்பதும் அவர்களே. ஒரு பள்ளிக்கு எப்போதோ ஒரு முறை வந்து போகும் ஒருவரால், செவித்திறன் குறைந்த குழந்தைக்குச் சைகை மொழியையோ, பார்வையற்ற குழந்தைக்குப் பிரெயிலையோ கற்றுத்தர முடியாது. அவர்களுள் நான் அறிந்த பலரும் மிகுந்த அர்ப்பணிப்போடு பணியாற்றுபவர்கள். பெட்டி நிறைய உபகரணங்களைச் சுமந்து பேருந்து மாறி மாறி வரும் அவர்களுக்குப் பணிப் பாதுகாப்பும் இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் 2024-25ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு தர வேண்டிய ₹2,152 கோடி, தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான முரண்பாட்டில் நிறுத்தப்பட்டபோது, முதலில் ஆட்டம் கண்டது இத்தகைய பணியிடங்களின் ஊதியம்தான். இரு அரசுகளின் கொள்கைச் சண்டைக்கு எந்தத் தரப்பு நியாயம் இருந்தாலும், நடக்க முடியாத ஒரு குழந்தையின் பயிற்சியைப் பணயமாக வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

சட்டத்தில் குறை இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை அங்கீகரித்தது. அதன் 16ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிய வேண்டும் என்றும், மாற்றுத்திறன் மாணவர் ஒவ்வொருவரின் பங்கேற்பையும் கற்றல் அடைவையும் கண்காணிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறப்பாசிரியர் பணியிடங்களை வரையறுக்குமாறு ஆணையிட்டது. 2022 செப்டம்பரில் மத்திய அரசு, மாற்றுத்திறன் மாணவர்கள் பத்துப் பேருக்குத் தொடக்க நிலையிலும் பதினைந்து பேருக்கு உயர் தொடக்க நிலையிலும் ஒரு சிறப்பாசிரியர் என்று அறிவிக்கை வெளியிட்டது. 2025 மார்ச்சில் நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பணியிடங்களை உருவாக்கி நிரப்புமாறு மாநிலங்களுக்குக் கூற வேண்டியிருந்தது. ஒரே ஆணையை இரண்டு முறை இடவேண்டிய நிலை ஏன் வந்தது என்று கேட்பது குடிமக்களின் கடமை.

அடைவைக் கண்காணிக்க வேண்டும் என்ற சட்டவரி எவ்வளவு மறக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு நாம் பயன்படுத்தும் அளவுகோல்களே சாட்சி. அசர் சோதனையில் குழந்தையின் கையில் அச்சிட்ட தாளைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்கிறார்கள். எளிமையான, பயனுள்ள சோதனைதான். ஆனால் அச்சைப் பார்க்க முடியாத குழந்தையும் வாய்திறந்து படிக்க முடியாத குழந்தையும் அதில் எப்படி அளக்கப்படுவார்கள்? நம் மாநில மதிப்பீடுகளில் மாற்றுத்திறன் குழந்தைகள் உட்கார்ந்தாலும், அவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பது தனியாகப் பொதுமக்கள் முன் வைக்கப்படுவதில்லை. எத்தனை பேருக்குச் சக்கர நாற்காலி கொடுத்தோம், எத்தனை பள்ளிகளில் சாய்தளம் கட்டினோம் என்று சொல்கிறோம், அவை தேவையானவை. சாய்தளத்தின் வழியே வகுப்பறைக்குள் வந்த குழந்தை அங்கே என்ன கற்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

பெற்றோரிடம் ஓர் அச்சம் உண்டு. என்னிடமே பலர் வந்து சொல்லியிருக்கிறார்கள். இத்தகைய குழந்தைகள் வகுப்பில் இருந்தால் தம் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும் என்பது அது. அவர்களைக் கடிந்து பயனில்லை; விடை சொல்ல வேண்டும். போலந்து ஆய்வாளர்கள் 2017இல் 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாற்றுத்திறன் மாணவர்களோடு சேர்ந்து படித்த பிற மாணவர்களின் கல்வி அடைவு குறையவில்லை, சிறிதளவு கூடவே செய்திருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை வளம் மிகுந்த நாடுகளில் நடந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் நம் பள்ளிகளில், கூடுதல் ஆளே இல்லாமல் ‘சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொன்னால் பெற்றோரின் அச்சமும் நீங்காது, ஆசிரியரின் களைப்பும் நீங்காது, அந்தக் குழந்தையும் கடைசி வரிசையில் கோடு போட்ட நோட்டில் கிறுக்கிக்கொண்டு இருக்கும்.

நிலைவாரிக் குழுக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அவை நாளின் ஒரு பகுதிக்கு மட்டுமே உரியவை. சில வாரங்களுக்கு ஒரு முறை மீண்டும் சோதித்துக் குழந்தைகளை இடம் மாற்ற வேண்டும். இதை மறந்து, அரும்புக் குழுவை ஆண்டு முழுவதும் ஒரே மூலையில் உட்கார வைக்கும் வகுப்பறைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆசிரியரின் தீய எண்ணத்தால் அப்படி நடப்பதில்லை. நாற்பது குழந்தைகளைத் தனியாளாகக் கவனிப்பவருக்கு அதுதான் கைக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் எங்கே உட்கார்கிறோம் என்பதன் பொருளைக் குழந்தைகள் மிக விரைவாகப் புரிந்துகொள்கிறார்கள்; சாதியின் பெயரால் பிரித்து உட்கார வைத்த வரலாறு உள்ள ஒரு சமூகத்தில் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

ஆகவே பள்ளிக் கல்வித் துறையிடம் தங்கள் நாளிதழ் வழியாக நான் வேண்டுவது இது. 2022ஆம் ஆண்டு அறிவிக்கையின் விகிதப்படி தமிழ்நாட்டுக்கு எத்தனை சிறப்பாசிரியர் பணியிடங்கள் தேவை, அவற்றுள் எத்தனை நிரந்தரமாக நிரப்பப்பட்டுள்ளன என்பதை வட்டார வாரியாக வெளியிட வேண்டும்; ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நிரப்ப இயலாதெனில், சில பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையம் ஒன்றுக்கு ஒருவரையாவது நியமித்து, ஒவ்வொரு பள்ளிக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாளையும் பாடவேளையையும் உறுதி செய்து, முகாம் வேலைகளுக்காக அந்த நேரத்தைப் பறிப்பதில்லை என்று எழுத்தில் தர வேண்டும். இல்லம் தேடிக் கல்வியில் பணியாற்றிய தன்னார்வலர்களுள் விருப்பமுள்ளவர்களுக்கு முறையான பயிற்சி அளித்து, தகுந்த ஊதியத்தோடு சிறப்புப் பயிற்றுநருக்குத் துணையாக வைத்துக்கொள்வது பற்றியும் துறை எண்ணிப் பார்க்கலாம். அங்கன்வாடி ஆய்வின் முடிவு அந்த நம்பிக்கையைத் தருகிறது. அடுத்த மாநில அடைவுத் தேர்வின் முடிவுகளை வெளியிடும்போது, மாற்றுத்திறன் குழந்தைகள் எத்தனை பேர் தேர்வில் அமர்ந்தார்கள், அவர்களுக்கு என்ன வசதி செய்யப்பட்டது, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு வந்தார்கள் என்பதைக் குழந்தைகளின் அடையாளம் வெளிப்படாதவாறு மாவட்ட வாரியாகத் தனிப் பத்தியில் தர வேண்டும்.

அந்தப் பட்டியல் வெளியாகும் நாளில் முதல் இடம் பிடித்த மாவட்டத்தை அறிவிப்பதோடு நிற்காமல், அந்தப் பத்தியையும் படித்துச் செய்தி வெளியிடுமாறு தங்களையும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோரும் தங்கள் பள்ளிக்குச் சிறப்புப் பயிற்றுநர் எந்தக் கிழமை வருவார் என்று அடுத்த கூட்டத்தில் கேட்டு, அந்த விடையைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.